முதுநகர் ஏலம்

திரையில் என் தொண்டை.
குரல்நாண் இரண்டிலும்
கொத்துக் கொத்தாய்,
இழுவை வலையில் ஏறிவரும் கடற்பஞ்சு மாதிரி.

"புற்று இல்லம்மா. மருதான்.
வைரஸ் பண்ற வேலை.
வெட்டிடலாம். திரும்பவும் முளைக்கும்."
மூன்றாம் முறை.
ஜிப்மரில் அதே சின்ன டாக்டர்,
மீசை மட்டும் புதுசு.

மரு என்றால் தெரியும் எனக்கு.
பத்து வயதில் புறங்கையில் ஏழு.
திருவந்திபுரத்துக் கிணற்றில்
உப்பும் மிளகும் போட்டு வந்தோம்,
உதிர்ந்தது.
தொண்டைக்குள் முளைத்ததை
எந்தக் கிணற்றில் எட்டிப் பார்த்துக் கொட்ட?

எங்கிருந்து ஒட்டிச்சு என்றாள் நாத்தனார்.
கேட்ட விதம் வேறு.
பிறந்த அன்றே வந்திருக்கலாம்,
முப்பது வருஷம் சத்தமில்லாமல் கிடந்திருக்கலாம்,
அதுக்கு நாள் நட்சத்திரம் கிடையாது
என்றார் டாக்டர்.
இதை அப்படியே அவளிடம் சொல்ல
எனக்குத்தான் குரல் இல்லை.

ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது.
நாலாம் நாள், இருட்டு விலகுமுன்
துறைமுகத்தில் நின்றேன்.
அஞ்சலாட்சி ஏலம் விட்டால்
சோனங்குப்பம் வரை கேட்கும் என்பார்கள்.
இன்று காக்கைச் சத்தம் கேட்டது.

வஞ்சிரம் ஒரு கூடை.
ராயப்பன் விலை கத்துகிறான், தப்பாக.
குறுக்கே போய்
ஐந்து விரலை விரித்தேன்,
மடக்கி, இரண்டு.
ஐயாயிரத்து இருநூறு.

கூட்டம் முழித்தது.
பண்ருட்டி வியாபாரி
வெற்றிலை வாயைத் திறக்காமல்
மூன்று விரல் காட்டினான்.