ஊதுபத்திச் சோதனை

புகைக்குழாய் கேட்டு அனுப்பிய விண்ணப்பம்
கணக்குப் பிரிவில் மூன்றாம் மாதமாகப் படுத்திருக்கிறது.
அதனால் தேரடிக் கடையில்
பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு
மல்லிகை ஊதுபத்தி.

பாதுகாப்புப் பெட்டியின் கண்ணாடியை
எட்டு அங்குலம் உயர்த்தி
அதன் வாயருகே பத்தியை நீட்டுகிறேன்.
புகை கொஞ்சம் தயங்கலாம்.
பிறகு உள்ளே வளைய வேண்டும்.
ஓர் இழை என் பக்கம் திரும்பினாலும்
ஆய்வகத்தைப் பூட்டச் சொல்லலாம் நான்.
இந்தக் கட்டடத்தில் எனக்கிருக்கும்
ஒரே அதிகாரம் அது.

வளைந்தது.
இரும்புச் சல்லடைக்குள் வரிசையாக இறங்கியது,
ரேஷன் கடையில் ஒருநாளும் பார்க்காத ஒழுங்கோடு.

நஸீமாவின் படிவம் மேசையில்.
எண்ணூர்க் கழிமுகத்து நண்டிலிருந்து
அவள் வளர்த்தெடுத்த விப்ரியோ.
கையில் கீறல் இருந்தால் என்ற வரிக்கு
வாய்ப்பு இரண்டு, விளைவு நான்கு,
பெருக்கினால் எட்டு, மஞ்சள் கட்டம்.
ஊசிக்கு மூடி திரும்பப் போடாதே.
இரவில் தனியாக வேலை செய்யாதே.
மாதிரி ஃப்ரிட்ஜில் உணவு வைக்காதே.

கடைசி வரி போன வருடம் சேர்த்தது.
மைனஸ் இருபதில் ஒரு தூக்குவாளி,
திறந்தால் நெத்திலிக் குழம்பு.
யாருடையது என்று இன்றுவரை தெரியாது.
விதிப்படி மஞ்சள் பையில் கட்டி
நூற்று இருபத்தோரு டிகிரியில் அவித்தோம்.
மூன்று மாடிக்கும் மணந்தது.
அன்றைக்கு எல்லோருக்கும் சீக்கிரமே பசித்தது.

அவித்தவர் டில்லிபாபு.
ஆட்டோக்ளேவ் அவர் பொறுப்பு.
"கோடு கறுத்தாதான் மேடம் செத்துச்சுன்னு அர்த்தம்"
என்று நாடாவைக் காட்டிப்
புது மாணவர்களை மிரட்டுவார்.
இன்று எனக்கு ஏணி பிடிக்க வந்திருந்தார்.

புகை வளைந்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்:
வடசென்னையிலேயே சுத்தமான காத்து
இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு, தெரியுமா?

அவர் பெட்டியைப் பார்த்தார்.
மேலே கூரைப்பக்கம் திறந்த வாயைப் பார்த்தார்.
"அங்க வர்ற காத்து?"
அதுவும் வடிகட்டினதுதான்.
"அப்ப சாயங்காலமா
எம்புள்ளைய அஞ்சு நிமிசம் கூட்டியாரட்டுமா?
ராத்திரி ஆனா இழுக்குது மேடம்."

பதினெட்டு வயதுக்குக் கீழ் அனுமதியில்லை.
பிரிவு நான்கு. எழுதியது நான்.

சரி என்றார்.
பிறகு அவரே ஏணியில் ஏறி
மேல்வாய்க்கு மேலே முகத்தை நீட்டிக்
கண்ணை மூடிக்கொண்டு
மூச்சை இழுத்தார், மகனுக்குமாகச் சேர்த்து.

"மேடம்,
மல்லி வாசம் வருதே."

வரும்.
புகை நின்றுவிடும், வாசம் நிற்காது.
தூசியைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்கும்,
வாயுவைப் பிடிக்காது இந்த வடிகட்டி.
பயிற்சி வகுப்பில் முப்பத்தேழாவது ஸ்லைடு.
ஆண்டுதோறும் நானே சொல்வது.
பெருமை பேசும்போது மறந்துபோனது.

"அப்ப மணலிப் பக்கத்து நாத்தமும்?"
அதுவும்தான்.

இறங்கினார்.
தான் மிதித்த படிகளை
யாரும் சொல்லாமல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்.

படிவத்தில் எழுதினேன்:
காற்றோட்டம் உள்நோக்கி. வடிகட்டி தகுதி.
அடுத்த சோதனை பன்னிரண்டு மாதம் கழித்து.
பையனுக்கு என்ன வயசு என்றேன், தலை நிமிராமல்.
ஏழு.
பழக்கதோஷம்,
ஓரத்தில் கை பெருக்கிக்கொண்டிருந்தது.
வாய்ப்பு, ஐந்து.
அதற்குமேல் பேனா போகவில்லை.

கட்டில் இன்னும் பதினொரு பத்தி மிச்சம்.
வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க,
சாமிக்கு ஏத்தலாம் என்று
நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டேன்.
இழுப்பு இருக்கிற வீட்டுக்கா புகை.

அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
இழுப்பறையில் போட்டு மூடினேன்.
மூடிய பிறகும் மணந்துகொண்டிருந்தது.