பதினோரு நிமிடம்

கிளாட்புருக்கில் இது மூன்றாவது கட்டடம்.
சப்பாத்துக்கு நீல உறை மாட்டி நுழைந்தோம்.

முதல் இரண்டிலும் கோப்பி நன்றாயிருந்தது.
"இங்கே மின்சாரம் நின்றதே இல்லை" என்றார்கள்,
சிரிப்பில் ஒரு பல்கூடப் பிசகாமல்.

இங்கே உர்ஸ். முழங்கையில் கிரீஸ் கறை.
கூண்டைத் திறந்து காட்டினார்:
அரை ரேக், இரண்டு மின்வழி,
காதை அடைக்கும் குளிர்காற்று.
தர்மினி கத்தித்தான் கேட்டாள்,
"டீசல் எத்தனை மணி நேரம் தாங்கும்?"

"நாற்பத்தெட்டு.
ஆனால் மார்ச்சில் ஒரு பேட்டரி கைவிட்டது.
பதினோரு நிமிடம்.
நான்தான் பணியில் இருந்தேன்."

ரயிலில் மூன்று விலைத்தாள்களையும் விரித்தாள்.
உர்ஸிடம் மாதம் எண்பது பிராங்க் கூடுதல்.
முப்பது மருந்துக்கடைகளின் கணக்கு
இரவில் யாரை நம்பி நித்திரை கொள்ளும்?

நான் கேட்கவில்லை.
எர்லிகோன் வருமுன்னமே
மற்ற இரண்டு தாள்களின் முதுகில்
வெங்காயம், பால், சவர்க்காரம் என்று
எழுதத் தொடங்கியிருந்தாள்.