நிகர எடை

மின்னியாபோலிஸ், ஆலைத் தெருவில் மூன்றாம் மாடி.
வடக்குப் பார்த்த ஜன்னல், படம் வரைய நல்ல வெளிச்சம்.
உடுப்பு அலமாரி என் பொறுப்பு:
ஒன்பது கவுன், நான்கு மாலுமிச் சட்டை,
வெள்ளைக் காலணி ஒரே ஜோடி.
எந்தக் குழந்தை வந்தாலும் அதுதான்.
பெரிதாக இருந்தால் பஞ்சு வைப்போம்,
சிறிதாக இருந்தால்
முகத்தைச் சுளிக்காதே என்போம்.

வெண்கொக்கு மாவுக் கம்பெனி ஒரு சிறுமி கேட்டிருந்தது.
கையில் கரண்டி, முன்னால் கோதுமைக் கஞ்சி,
இடுப்பில் நீல ரிப்பன் கட்டாயம்.
ரிப்பனைப் பற்றி மட்டும்
கடிதத்தில் இரண்டு பத்தி.

சொல்லிவைத்திருந்த ஸுஸ்காவுக்குத் தட்டம்மை.
ஆற்றுப் பள்ளத்துக் குடிசைகளிலிருந்து
படியேறி வந்தவன் அவள் தம்பி ஓந்த்ரேய்.
ஆறு வயது.
ஸ்லோவாக்கில் ஏதோ சொன்னாள் அவன் அம்மா.
பிறகு ஒற்றை விரலைக் காட்டினாள்: ஒரு டாலர்.
அது எல்லோருக்கும் புரிந்தது.

ஸ்டென்ஸ்ரூட் தூரிகையைக் கடித்துக்கொண்டு
இரண்டு தடவை அவனைச் சுற்றி வந்தார்.
"மூக்கு அதே மூக்குதான். கவுனை மாட்டு."

சட்டையைக் கழற்றினேன்.
உள்ளே மாவு மூட்டையை வெட்டித் தைத்த டிராயர்.
பன்றிக்கொழுப்பு தடவி ஊறவைத்திருக்கிறாள்,
கல்லில் தேய்த்திருக்கிறாள், வெயிலில் போட்டிருக்கிறாள்.
கம்பெனி மை அசையவில்லை.
அவன் பின்புறத்தில்
ஒற்றைக்காலில் நின்றது கொக்கு.
அதற்குக் கீழே, தெளிவாக:
நிகர எடை 98 பவுண்டு.

தூக்கி ஸ்டூலில் நிறுத்தினேன்.
நாற்பது இருப்பான்.
தலை ஈரத்தையும் சேர்த்து.

கவுன் எட்டு வயதுக்காரிக்குத் தைத்தது.
முதுகில் பதினேழு ஊசி குத்திப் பிடித்தேன்.
படத்துக்கு முதுகு கிடையாது.
முன்னால் நின்று பார்த்தால் அளவெடுத்த மாதிரி;
பின்னால் ஒரு முள்ளம்பன்றி.
சாயக்கூடாது, உட்காரக்கூடாது,
பெருமூச்சு விட்டாலும் குத்தும் என்று
கை ஜாடையில் சொன்னேன்.
அவன் மூச்சைக் கொஞ்சமாக விடக் கற்றுக்கொண்டான்.

கஞ்சி ஆறினால் ஆடை படியும், படத்துக்கு ஆகாது.
கிண்ணத்தில் வைத்திருந்தது போஸ்டர் ஒட்டும் பசை.
அதுவும் வெண்கொக்கு மாவுதான்,
கொதிநீரில் கிண்டியது.
ஆவியை ஸ்டென்ஸ்ரூட் கடைசியில் வரைந்துகொள்வார்.

விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள்
கிண்ணம் பாதி காலி.
நிமிர்ந்தபடியே தின்றிருக்கிறான்.
ரிப்பனில் ஒரு சொட்டு இல்லை,
ஊசி ஒன்றுகூடக் கழலவில்லை.
அவனுக்குத் தெரிந்த நாலைந்து இங்கிலீஷ் வார்த்தையில்
ஒன்றைத் தேடி எடுத்துச் சொன்னான்:
"உப்பு."

ஸ்டென்ஸ்ரூட் திட்டினார். நான் வேறு பசை கிண்டினேன்.
உப்புப் போட்டேன்.
பசை வேலைக்கு உப்பு தேவையில்லை.

டிராம் வண்டியெல்லாம் அந்தப் படம்.
அயோவாவிலிருந்து, டகோட்டாவிலிருந்து
அம்மாக்கள் எழுதினார்கள்: அந்தக் கவுனின் அளவு வேண்டும்.
ஐந்து கொக்குச் சீட்டு அனுப்பினால் கிடைக்கும் என்றது கம்பெனி.
காகிதத்தில் வெட்டித்தரச் சொன்னார்கள்.
முன்பக்கம் சுலபம். பின்பக்கத்தை யார் பார்த்தார்கள்?
ஆறு பட்டன் வைக்கலாம் என்று குறித்தேன்.
பிறகு யோசித்தேன்:
முதுகில் பட்டன் என்றால்
காலையில் பூட்டிவிட ஒரு ஆள் வீட்டில் இருக்கவேண்டும்.
பள்ளத்தில் ஐந்து மணிக்கே
எல்லாக் கைகளும் ஆலைக்குள்.

பட்டனை முன்பக்கம் மாற்றினேன்.
படத்தில் இல்லையே என்று
கம்பெனி திரும்பப் பின்னால் மாற்றியது.

வசந்தத்தில் ஒருநாள்
மளிகைக் கடை வாசலில் ஸுஸ்காவைப் பார்த்தேன்.
அம்மை இறங்கி, முடி கொஞ்சம் கொட்டி,
போஸ்டருக்குக் கீழே நின்று
கூட வந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"அது நான்தான். கவுனை எனக்கே கொடுத்துட்டாங்க.
வீட்டில மடிச்சு வச்சிருக்கு."

பக்கத்தில் ஓந்த்ரேய், தோளில் மாவுப் பை.
என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது.
நான் உதட்டில் விரல் வைத்தேன்.

"ஆமா, அவதான்," என்றான் அவர்களிடம்,
நன்றாக, முழுதாக
மூச்சை விட்டு.