ஏழாம் கூண்டு

தரமணியில் மூன்றாம் மாடி.
கத்தரிச் செடிகள் இங்கே கண்ணாடிக்குள் வளர்கின்றன.
காலை ஆறுக்குக் குழல்விளக்கு விடியும்,
இரவு எட்டுக்கு அணையும்.
ஜன்னலுக்கு வெளியே அக்டோபர் மழை
பறக்கும் ரயிலின் தூண்களை நனைத்துக்கொண்டிருக்கிறது.

என் வேலை எண்ணுவது.
இலையைத் திருப்பு, அடிப்பக்கம் பார்.
மஞ்சளாய்ச் செங்குத்தாய் நிற்கும் சிறு குழாய்கள்,
கொத்துக்கு முப்பது, நாற்பது,
லாரியில் அவசரமாக அடுக்கிய கேஸ் சிலிண்டர்கள்போல.

தண்ணீர் மட்டும் தடவிய இலையைத் தின்றவை
கண்ட இடத்தில் இடுகின்றன:
வலையில், தொட்டி விளிம்பில்,
'கூண்டு இரண்டு' என்று நான் ஒட்டிய காகிதத்தில்,
ஒருமுறை, மறந்துவைத்த என் பேனா மூடியில்.

மருந்து தடவியதைத் தின்றவையும்
தின்கின்றன, புணர்கின்றன,
வலையில் ஏறி விளக்கைப் பார்க்கின்றன.
முதுகின் இருபத்தெட்டுப் புள்ளியில் ஒன்றும் குறையவில்லை.
இடுவதில்லை, அவ்வளவுதான்.
அறுத்துப் பார்த்தால்
சூலகம் நூலாய், கண்ணாடியாய்,
உள்ளே மஞ்சளே ஏறாமல்.

மருந்து என்றால் ஷெர்லினுக்குக் கோபம் வரும்.
அது ஒரு வாக்கியம் என்பாள்.
முட்டைக்கு மஞ்சளைக் கொண்டுபோய்ச் சேர் என்று
வண்டின் உடம்பே தனக்குச் சொல்லிக்கொள்கிற வாக்கியம்.
நாங்கள் அதையே இரட்டை இழையாய்த் திரும்பச் சொல்கிறோம்.
இரட்டையாய்க் கண்டதும் பகையென்று நினைத்து
அசலையும் சேர்த்துக் கிழித்துப்போடுகிறது செல்.

இவளுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி உண்டு,
அசுவினி தின்று பயிரைக் காக்கும் பொறிவண்டு.
அவளிடமும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்.
இருபத்தோரு எழுத்து இடைவிடாமல் ஒத்துப்போனால்
அவள் முட்டையும் நின்றுபோகலாம்.
இரண்டு வாரம் திரையில் எழுத்தெழுத்தாய்த் தேடி
ஒத்துப்போகாத ஒரு துண்டைப் பிடித்தோம்,
சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்
யாரையும் குத்தாத ஒரு பேச்சைத் தேடுவதுபோல.

நேற்று ஆட்டோவில் ஜெயசீலன் கேட்டார்:
"பூச்சியக் கொல்ற வேலையாம்மா?"
கொல்வதில்லை, முட்டையிட விடுவதில்லை என்றேன்.
"அப்ப குடும்பக் கட்டுப்பாடு"
என்று கண்ணாடியில் சிரித்தார்.
வேளச்சேரி வரும்வரை
சுவர்களில் சிவப்பு முக்கோணத்தைத் தேடிக்கொண்டே வந்தேன்.
இருந்தது, பாதி.
மீதியில் ஜெராக்ஸ் கடை விளம்பரம்.
வண்டிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லையே
என்று ஒரு கணம் தோன்றியது.
இறங்கிச் சில்லறை தேடியதில் மறந்துபோனது.

மேஜைக் கண்ணாடிக்கடியில் ஓர் இலை வைத்திருக்கிறேன்.
பொன்னேரிப் பக்கமிருந்து பஞ்சாட்சரம் அனுப்பியது.
பச்சையெல்லாம் சுரண்டப்பட்டு
நரம்பு மட்டும் மிச்சம்.
வாரம் இருமுறை தெளிக்கிறாராம்.
தெளித்த இரவுகளில் விரல் எரிந்து
சோற்றைக் கரண்டியால் தின்கிறாராம்.

இன்று காலை ஏழாம் கூண்டில்,
தடவிய இலையின் அடியில்,
பதினொன்று.
கொத்துகூட இல்லை, ஒரு கோணல் வரிசை.
லென்ஸில் பார்த்தேன்:
ஆறு சுருங்கியிருந்தன,
ஐந்து நன்றாகவே மஞ்சள்.

"தடவாத இலை ஏதாவது கலந்திருக்கும்,
எடுத்துடலாமா?" என்றாள் ஷெர்லின்.
கேள்வியாகத்தான் கேட்டாள்.
ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டுரை போக வேண்டும்.
பஞ்சாட்சரமும் இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டார்.

ஐந்துக்கு எதிரே சுழியம், ஆறுக்கு எதிரே சுழியம்.
வட்டம் போட்டே பழகிய கை
ஒரு நேர்கோடு இழுக்கக் கொஞ்சம் யோசித்தது.
பிறகு இழுத்தது, பக்கத்தில் இன்னொன்றும்.
நேரம் ஒன்பது நாற்பது.

பொரிக்க நாலு நாளாகும்.
நடுவில் தீபாவளி விடுமுறை.
வாட்ச்மேனிடம் சொல்லி
சாவியை வாங்கிக்கொண்டேன்.