பட்டது

விக்கிரமசிங்கபுரம் மில் டீமுக்கு
ஆட்டத்துக்கு ஏழரை ரூபாய், ரெண்டு அவித்த முட்டை
வாங்கிக்கொண்டு வாலிபால் ஆடியவர்தான்
இன்று அம்பாசமுத்திரம் முன்சீப்.
பேனா பிடிக்கையில் சுண்டுவிரல் மடங்காது.

வரப்பு வழக்கு. யார் பக்கம் அந்தப் பூவரசு?
கூண்டேறி "மந்திரமூர்த்தி" என்றான் பிரதிவாதி.
ஐயா நிமிர்ந்தார்.

கல்லிடைக்குறிச்சி, ஐம்பத்தெட்டு, கடைசிப் பாயிண்ட்.
இவன் அடித்தது
அந்த விரலில் உரசித்தான் வெளியே போனது.
ரெப்ரி பார்க்கவில்லை.
ஐயா சொல்லவில்லை.
கோப்பை மில்லுக்கு.

வக்கீல் பேசிக்கொண்டிருக்கும்போதே
கட்டை மூடி என்னிடம் நீட்டினார்:
"ஜில்லாவுக்கு எழுதும் ஓய், வேறே கோர்ட்டுக்கு மாத்தட்டும்."

காரணம் எழுதும் கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு ஒரே சொல்.
பட்டது.