இருநூற்றுப் பன்னிரண்டு அடி

உலக முடிவு பார்க்கத்தான் வெளிக்கிட்டோம்.
ஹோர்ட்டன் சமவெளி.
மாதம் ஆயிரம் ரூபாய்ச் சீட்டு, பதினொரு பெண்கள்,
ஆரார் வீட்டிலோ கடன் வாங்கிய குளிர்ச்சட்டைகள்,
ஒரு வாளி இடியப்பம்.
மாங்குளம் தாண்டவில்லை, வானின் பெல்ற் அறுந்தது.

சாரதி யோகச்சந்திரன் பொனற்றைத் திறந்து
கனநேரம் உள்ளே பார்த்தான், பூசைக்கு நிற்கிறவன் மாதிரி.
"பின்னேரம்தான் சாமான் வரும்.
இஞ்சால காட்டுக்குள்ள ஒரு பூங்கா இருக்கு, அரசாங்கத்தின்ர.
மலையும் இருக்கு."

வன்னியில் மலையா?

சத்தியகலாதான் முதலில் சப்பாத்தைக் கொழுவினாள்.
எழுபத்தேழில் அட்டனிலிருந்து அடிபட்டு வந்த குடும்பம்.
இவள் பிறந்தது தருமபுரத்தில், தட்டையாக.
வீட்டில் எல்லாரும் மலையைக் கதைப்பார்களாம்,
இவள் அவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

உழவு மெசின் பெட்டியில் ஏழு மைல்.
ரிக்கெற் கூட்டில் ஒரு பெடியன்,
பின்னால் ஒரு பலகை, மூன்று மொழி, ஒரு யானை:
பாதையை விட்டு விலகக் கூடாது.
றெஜினா சிரித்துப் புரைக்கேறி
தண்ணிப் போத்தலைத் தேடினாள்.
முகமாலையில் பதினொரு வருசம்
மிதிவெடி கிளப்பியவர்களுக்கு
பலகை எழுதிச் சொல்கிறான்.

பாலைப்பழக் காலம்.
குரங்குகள் பாதி தின்று பாதி எறிந்தன.
காவலாளி மேலே மேலே காட்டினார்:
அந்தா இருவாய்ச்சி, இந்தா மாம்பழத்தி.
நாங்கள் கீழே பார்த்து நடந்தோம்.
சருகுக்குள் வட்டமாய் ஏதோ மினுங்கியது.
பதினொரு பேரும் ஒரே நேரம் நின்றோம்,
ஒருத்தியும் மூச்சு விடவில்லை.
பால்மாப் பேணியின் மூடி.
"என்ன, பாம்போ?" என்றார் காவலாளி.
ஓம் என்று சொல்லிவிட்டோம்.

பிறகு காடு சட்டென்று விலகி
கல் எழும்பி நின்றது.
கறுத்து, வெக்கை கக்கி, ஆனை முதுகு மாதிரிச் சொரசொரத்து.
இருநூற்றுப் பன்னிரண்டு அடி, பெயின்ற்றால் எழுதியிருந்தது.
"இவ்வளவுதானா?" என்றாள் சத்தியகலா,
ஆனாலும் கழுத்தை நிமிர்த்தித்தான் சொன்னாள்.

கோகிலவாணி குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினாள்.
உள்ளங்கையால் கல்லை இரண்டுதரம் தட்டினாள்.
"எடியே," என்றாள்,
"இதுக்குள்ள ஒருத்தனும் ஒண்டும் புதைச்சிருக்கேலாது."

கொஞ்ச நேரம் அது விளங்கவில்லை.
விளங்கியதும் ஓடினோம்.
குறுக்கே, நெடுக்கே, கண்ணை மூடிக்கொண்டு,
குதிக்கால் அடித்து அடித்து.
நாரி நோவுக்காரி அருள்நாயகியும் ஓடினாள்,
சுடுகுது சுடுகுது என்று கத்திக்கொண்டு.
காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

உச்சியில் ஒரு குளிர்ச்சட்டையை விரித்து
இடியப்பம் தின்றோம். புளிக்கத் தொடங்கியிருந்தது.
கீழே காடு, காடு, நடுவில் குளங்கள்,
ஒரு மூலையில் கண்டி றோட்டு நூல்போல.
ஒருத்திக்கு ஒரு நாளைக்குப் பத்துச் சதுர மீற்றர்,
மழையில்லாவிட்டால்.
கோகிலவாணி விரலை மடக்கத் தொடங்கினாள்.
"பொத்தடி வாயை, இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை."

சத்தியகலா படமெடுத்துத் தாய்க்கு அனுப்பினாள்.
உடனே ஃபோன் வந்தது:
"அது பாறைடீ. மலையில்ல."
பிறகு ஒன்றுமில்லை, ஒரு ஆட்டுக்குட்டி கத்தியது அந்தப் பக்கம்.
பிறகு,
"மேல காத்து வருதா?"
அவள் ஃபோனை வடக்கே நீட்டிப் பிடித்தாள்.
கை உளையும்வரை பிடித்தாள்.

இறங்கி, மண் தொடங்கும் இடத்தில்
சப்பாத்தைப் போட்டோம்.
ஒருத்தியும் சொல்லவில்லை,
வரிசை தானாய் வந்தது:
இடைவெளி விட்டு,
முன்னால் போனவளின் அடியில் அடி வைத்து.
"இப்ப ஏன் பிள்ளையள் எறும்பு மாதிரி?" என்றார் காவலாளி.
றெஜினா திரும்பாமலே சொன்னாள்:
"உங்கட பலகையில கிடக்கு."