கடந்த நேரத்தால் பெருக்கு

கொட்டகலை ஸ்டாண்டில் எனக்கு முன்னால் ஆறு ஓட்டோ.
ஆறும் நகர்வதற்குள்
பின்சீட்டில் மடிக்கணினியை விரித்து
ஒரு சதுரத்தை மேட்டில் ஏற்றப் பழகினேன்.
ஓர் எழுத்துக்கட்டை கழன்றுபோன பெட்டி.
அந்த இடத்தைத் தீக்குச்சியால் குத்துவேன்.

முதல் மாதம் முழுக்கச் சதுரம் விழுந்துகொண்டே இருந்தது.
தரை வரைந்திருந்தேன், பச்சையாக, வடிவாக.
அது தரை என்று
சதுரத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.
கல் என்றால் நில்.
கால் வழுக்கினால் விழு, ஆனால் எவ்வளவு வேகமாக?
ஓ.எல். விஞ்ஞானத்தோடு விட்டுவந்த புவியீர்ப்பு
பதினாறு வருஷம் கழித்து
ஹட்டன் ஹயர் ஒன்றின் நடுவில் விளங்கியது.
வளைவில் ஹோர்ன் அடிக்க மறந்தேன்.

சதுரத்துக்குத் தலை வைத்தேன், கூடை மாட்டினேன்.
முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி
தவமலர் எட்டிப் பார்த்தாள்.
"யாரு இது, தொரை பொண்டாட்டியா?
நிமிந்து நடக்குறா."
தலையை மூன்று புள்ளி முன்னே தள்ளினேன்.
கூடையை இரண்டு புள்ளி இறக்கினேன்.
"இப்ப சரி" என்று படுத்துவிட்டாள்.

நஸ்மியின் கடைக்குப் புதுக் கணினி வந்திருந்தது.
போட்டுப் பார்த்தால்
என் பெண் நடக்கவில்லை, பாய்கிறாள்.
ஒரு சிமிட்டலில் மலையுச்சி, மறு சிமிட்டலில் மடுவம்.
நாலு விநாடியில் இருபது கிலோ.
"இத தோட்டத்து ஒபிசுக்கு வித்துருங்க" என்றான் நஸ்மி.
இரண்டு பேரும் சிரித்தோம்.
திரும்பி வரும் வழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிழை சின்னது.
ஒரு காட்சிக்கு ஓர் அடி என்று எழுதியிருந்தேன்.
என் கிழட்டுப் பெட்டி விநாடிக்கு இருபது காட்சி காட்டும்.
அவனுடையதோ நூற்றுக்கு மேல்.
இயந்திரம் வேகமானால் அவள் காலும் வேகமாக வேண்டும் என்று
நானே, இந்தக் கையால், எழுதிவைத்திருக்கிறேன்.

சிக்னல் கொழுந்து மடுவத்தடியில் மட்டும்தான்.
மூன்று இரவு அங்கே குடைக்குள் போனைப் பிடித்து நின்றேன்.
படித்தது பாதி, ஊகித்தது பாதி,
அட்டை குடித்தது கொஞ்சம்.
விடை ஒரே வரி:
அடியைக் கடந்த நேரத்தால் பெருக்கு.

இப்போது எந்தப் பெட்டியிலும் அதே நடை.
மேடு ஏறப் பதினொரு விநாடி.
ஞாயிற்றுக்கிழமை தவமலரிடம் கொடுத்தேன்.
பாதி மலை ஏற்றினாள்,
சவுக்கு மரத்தடியில் நிறுத்தினாள்,
கையை எடுத்துவிட்டாள்.
மூலையில் எண் பூச்சியமாகவே நிற்கிறது.
"விசையை அமுக்கு, கொழுந்து பறிப்பா."
"தெரியும்" என்றாள்.

வெளியே தகரத்தில் மழை.
திரையில் அவள் அசையவே இல்லை, கல்லைப் போல.
நிற்பதற்கென்று நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.
நாளை எழுத வேண்டும்:
தோள் ஒரு புள்ளி ஏற, ஒரு புள்ளி இறங்க.
மூச்சுக்கு இரண்டு படம் போதும்.